ஊரை ஊராரிடம் ஒப்படைத்த ரிப்பன் பிரபு

ரிப்பன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் பள்ளிச் சிறுமியருக்கு இரட்டைச் சடையை மடித்துக் கட்டும் ரிப்பன்தான் நினைவுக்கு வரும். சென்னைக்குப் போய் வந்தவர்கள், சென்ட்ரல் ரயில் நிலையத்தின் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் ரிப்பன் மாளிகையைச் சொல்லக்கூடும். அந்த மாளிகைக்குப் பெயர் தந்த மனிதர் யார், அவருக்கும் நம் திண்டுக்கல் ஊருக்கும் என்ன உறவு என்று கேட்டால் பலருக்குப் பதில் தெரியாது. அவர் நம் ஊருக்கு வந்து எதையும் கட்டிவிட்டுப் போனவரல்லர். ஆனால் நம் தெருவில் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுகிறோமே, அந்த உரிமையின் வேரைத் தேடிப் போனால் அவரிடம்தான் போய்ச் சேரவேண்டும்.

ஜார்ஜ் பிரடெரிக் சாமுவேல் ராபின்சன் என்பது அவருடைய இயற்பெயர். 1827-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் லண்டனில், டௌனிங் தெருவின் 10-ஆம் எண் வீட்டில் பிறந்தார். இங்கிலாந்துப் பிரதம மந்திரி வசிக்கும் வீடு அது. தந்தையார் காட்ரிச் பிரபு அப்பொழுது பிரதம மந்திரி. ஆனால் அந்தப் பதவி அவரிடம் ஐந்து மாதங்கள்கூட நிலைக்கவில்லை. ஒருமுறையேனும் பிரதமராகப் பாராளுமன்றத்தைச் சந்திக்காமலேயே அவர் விலகிவிட்டார். ஆளும் வீட்டில் பிறந்த குழந்தை நடை பழகும் முன்பே அந்த வீட்டை விட்டு வெளியேறிவிட்டது.

ஜார்ஜ் எந்தப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் சென்று படித்தவரல்லர். வீட்டிலேயே ஆசிரியர்களிடம் கற்றார். செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்நாளில் இது புதிதன்று. ஆனால் அதன் பிறகு அவர் தேடிக்கொண்ட நண்பர்கள் செல்வர் வீட்டாரல்லர். மாரிஸ், கிங்ஸ்லி, ஹியூஸ் முதலிய கிறிஸ்தவ சமதர்மக் கருத்தினரோடு சேர்ந்து தொழிலாளர் நலனுக்காக உழைத்தார். 1852-இல் இயந்திரத் தொழிலாளர்களை முதலாளிகள் வேலைக்கு விடாமல் ஆலைகளைப் பூட்டியபோது, தம் கைப்பணத்தைத் தொழிலாளருக்குக் கொடுத்துதவினார். அதே ஆண்டில் ஆட்சியில் சாதாரண மக்களுக்கும் பங்கு வேண்டும் என்று வாதிட்டு ஒரு சிறு நூலும் எழுதினார். அது அச்சான பிறகு படித்துப் பார்த்த மாரிஸ் திடுக்கிட்டு, வெளியே போகவிடாமல் நிறுத்திவிட்டார். இருபத்துநான்கு வயது இளைஞரின் முதல் நூல் அப்படிப் பெட்டிக்குள் போயிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அந்தக் கருத்து வேறு வடிவத்தில், வேறு நாட்டில் வெளிவந்ததைப் பின்னால் பார்ப்போம்.

1852-இலேயே அவர் ஹல் நகரிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அவர் தரப்பு ஏஜெண்டுகள் வாக்காளர்களுக்குக் கைக்கூலி கொடுத்தது வெளிப்பட்டு, அந்தத் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. அவருக்குத் தெரியாமல் நடந்த காரியம்தான்; ஆயினும் இழப்பு அவருடையதே. தேர்தல் என்றால் அழுக்கு ஒட்டும் என்று ஒதுங்கிவிடவில்லை அவர். மறு ஆண்டே ஹடர்ஸ்பீல்டு என்ற ஊரில் நின்று வென்றார். தேர்தலின் குறைகளைத் தம் உடம்பிலேயே பட்டறிந்த ஒருவர்தான் பின்னாளில் நமக்குத் தேர்தல் வேண்டும் என்று வாதாடினார் என்பது நினைவில் இருக்கட்டும்.

1859-இல் தந்தையார் இறந்தபின் ரிப்பன் பிரபு என்ற பட்டம் அவருக்கு வந்தது. ரிப்பன் என்பது இங்கிலாந்தின் வடக்கே யார்க்ஷயரில் உள்ள ஒரு சிற்றூர். தொடர்ந்து போர் மந்திரி, இந்தியா மந்திரி என்று பதவிகள் வந்தன. 1871-இல் அமெரிக்காவோடு வாஷிங்டன் உடன்படிக்கையைப் பேசி முடித்ததற்காக மார்க்விஸ் என்ற உயர்நிலையும் கிடைத்தது. இந்தப் பதவிகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. திறமையுள்ள பலர் வகித்த பதவிகள்தாம்.

1874-ஆம் ஆண்டுதான் அவருடைய வாழ்வைத் திருப்பியது. அந்நாளில் அவர் இங்கிலாந்து முழுவதுக்குமான பிரீமேசன் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். அந்தத் தலைமையைத் திடீரெனத் துறந்து, செப்டம்பர் 7-ஆம் நாள் லண்டன் பிராம்ப்டன் ஆலயத்தில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். நாடே அதிர்ந்தது. அரசியலில் அவர் கதை முடிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. அவருடைய கட்சித் தலைவரான கிளாட்ஸ்டனுக்கும் பெரும் வருத்தம். அவ்வாண்டு இறுதியில் திருச்சபைக்கு எதிராக ஒரு காரசாரமான நூலையே வெளியிட்டார். ரிப்பன் பதிலுக்குப் பேசவில்லை. ஆறு ஆண்டுகள் தம் ஊரில் அமைதியாக இருந்தார். 1880-இல் மீண்டும் பிரதமரான கிளாட்ஸ்டன் இந்தியாவுக்கு வைசிராயாக யாரை அனுப்பினார் தெரியுமா? இதே ரிப்பனைத்தான்! கத்தோலிக்கர் ஒருவர் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக இருக்கச் சட்டம் தடை செய்திருந்தது. இந்தியாவைப் பற்றி அச்சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன. அவற்றைப் பொருட்படுத்தாமல், கப்பற்படை அதிகாரியாயிருந்து இயேசு சபைக் குருவான ஹென்றி கெர் அடிகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அவர் கப்பலேறினார்.

அன்று நம் ஊர்ப்பக்கம் எப்படி இருந்தது? 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடிவிட்டுப் போயிருந்தது. திண்டுக்கல்லுக்கு ரயில் வந்து ஐந்தாண்டுகள்தாம் ஆகியிருந்தன. தோல் பதனிடுதலும் புகையிலையும் மலைக்கோட்டையின் அடியில் பெருகிக்கொண்டிருந்த வேளை. ஊர் பெருகினால் அழுக்கும் பெருகும், குடிநீருக்கு முட்டு வரும், வாந்திபேதி வரும். 1865-ஆம் ஆண்டு நகர அபிவிருத்திச் சட்டத்தின்படி 1866 நவம்பர் 1-ஆம் நாளே திண்டுக்கல் நகராட்சி ஏற்பட்டுவிட்டது. ஆகவே நகராட்சி என்ற பெயர் நமக்கு ரிப்பன் தந்ததன்று. ஆனால் அந்த நகராட்சி எப்படிப்பட்டது? தலைமை நாற்காலி கலெக்டருக்குரியது. அவரோ அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் மதுரையில் இருப்பவர். உறுப்பினர்கள் சர்க்கார் நியமனம் செய்தவர்கள். கலெக்டர் துரை எதிரே அமர்ந்திருக்க, நியமனம் பெற்றவர் எப்படி மறுத்துப் பேசுவார்? தலையை ஆட்டுவார், கையெழுத்திடுவார், வீட்டுக்குப் போவார். வரி கொடுப்பவர் ஊரார். அது எங்கே செலவாகிறது என்று முடிவு செய்பவர் வேறொருவர். 1871-ஆம் ஆண்டுச் சட்டம் வரி கொடுப்போர் வாக்களிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்துவைத்தும், சில ஊர்களைத் தவிர மற்றவற்றில் அந்தக் கதவு திறந்தபடியே தூசு படிந்து கிடந்தது.

ரிப்பன் பிரபு வந்து முதலில் செய்தது விசாரிப்பு. 1881-இல் மாகாண அரசாங்கங்களுக்கெல்லாம் எழுதி, எந்தெந்த வருமானத்தையும் வேலையையும் உள்ளூர்ச் சபைகளிடம் விடலாம் என்று கேட்டார். பிறகு 1882 மே 18-ஆம் நாள் அவருடைய புகழ்பெற்ற தீர்மானம் வெளியாயிற்று. பள்ளிச் சரித்திரப் புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகும் அந்தத் தீர்மானத்துக்குள் என்ன இருந்தது என்று கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது.

நகரசபைகளோடு நில்லாமல் கிராமப்புறங்களுக்கும் சபைகள் வேண்டும் என்றார். அவற்றின் எல்லை சிறிதாக இருக்கவேண்டும். ஜில்லா முழுவதற்கும் ஒரே சபை என்றால் வேடசந்தூர்க்காரருக்கு நத்தம் பாதையின் பள்ளம் எப்படித் தெரியும்? ஆகவே தாலுகா அளவில் சபை. உறுப்பினர்களில் அதிகாரிகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது. மற்றவர்கள் இயன்ற இடமெல்லாம் தேர்தலால் வரவேண்டும். செய்யச் சொல்லும் வேலைக்கு ஏற்ற வருமானமும் கூடவே தரப்படவேண்டும். நகரங்கள் சுமந்துவந்த போலீஸ் செலவை சர்க்கார் ஏற்றுக்கொண்டால், மிஞ்சும் பணத்தில் பள்ளியும் மருத்துவசாலையும் நடத்தலாம் என்பது அவர் போட்ட கணக்கு.

எல்லாவற்றிலும் நுட்பமானது அதிகாரியைப் பற்றி அவர் சொன்னது. அதிகாரி சபைக்குள் தலைவராக உட்கார்ந்து எல்லாம் செய்யலாகாது. வெளியே நின்று மேற்பார்க்கவேண்டும். கடன் வாங்குவதற்கு அவர் அனுமதி வேண்டும். கணக்கைத் தணிக்கை செய்யட்டும். கடமையை அடியோடு மறந்த சபையை சர்க்கார் தாற்காலிகமாக விலக்கவும் செய்யட்டும். ஆனால் உள்ளே நடக்கும் பேச்சு ஊராருடையதாக இருக்கட்டும். இப்படிச் செய்தால் அதிகாரியின் வேலை குறையும் என்று சிலர் நினைத்தார்கள். உண்மையில் வேலை கடினமாகும். தானே செய்துவிடுவது எளிது; பிறர் செய்வதைப் பொறுமையோடு பார்த்து, தவறும்போது மட்டும் கை கொடுப்பது கடினம். மகளுக்குச் சமையல் சொல்லித்தரும் ஒவ்வொரு தாய்க்கும் இது தெரியும். முதல் தோசை கருகத்தான் செய்யும். கரண்டியைப் பிடுங்கிக்கொண்டால் அன்றைக்குத் தோசை நன்றாக வரும். மகளுக்குச் சமையல் வராது.

ரிப்பன் இதை மறைத்துப் பேசவில்லை. தொடக்கத்தில் வேலைகள் முன்னைவிட மோசமாகவும் நடக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். நிர்வாகம் உடனே சீராகும் என்பதற்காக இதைக் கொண்டுவரவில்லை, மக்கள் பொதுக்காரியம் பழகவேண்டும் என்பதே முதல் நோக்கம் என்று தீர்மானத்திலேயே தெரிவித்தார். ஆளுகிறவர் ஒருவர் இவ்வளவு வெளிப்படையாக எழுதுவது எக்காலத்திலும் அரிது. இது போதுமே, எதிர்ப்பாளருக்கு! இந்தியருக்கு ஊர் நிர்வாகம் வராது என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார் பாருங்கள் என்று அதிகாரிகள் பலர் கைதட்டினார்கள். பம்பாய் மாகாண அரசு பெரிதும் தயங்கியது. சென்னை மாகாணத்தில் கமிட்டி ஆராய்ந்தபின், 1884-இல் இரண்டு சட்டங்கள் நிறைவேறின. ஒன்று ஜில்லா முனிசிபாலிட்டிகள் சட்டம். மற்றது ஸ்தல போர்டுகள் சட்டம். முதலாவதன்படி நகரசபை உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு வரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்க வழி பிறந்தது; ஊர்க்காரர் ஒருவர் சேர்மன் ஆகவும் இடமுண்டாயிற்று. இரண்டாவதன்படி ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அதற்கும் கீழே கிராமங்கள் சில சேர்ந்த யூனியன் பஞ்சாயத்து என்று மூன்று படிகள் அமைந்தன. நம் சமவெளியின் சாலை மரங்களும் சத்திரங்களும் ஆரம்பப் பள்ளிகளும் போர்டு என்ற சொல்லோடு நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது இதனால்தான். போர்டு ஸ்கூல் என்ற பெயரை வீட்டில் தாத்தா பாட்டியர் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

ரிப்பனின் மற்றப் பணிகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம். தாய்மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியிருந்த சட்டத்தை 1882-இல் நீக்கினார். தொழிற்சாலைகளில் சிறு குழந்தைகளை வேலை வாங்குவதைக் கட்டுப்படுத்தும் முதற் சட்டம் 1881-இல் வந்தது. கல்வி நிலையை ஆராய ஹண்டர் கமிஷனை 1882-இல் அமைத்தார். ஆனால் அவரை மிகவும் துன்புறுத்தியது 1883-ஆம் ஆண்டின் இல்பர்ட் மசோதா. ஜில்லாக்களில் இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியரை விசாரிக்கலாம் என்பதே அதன் சாரம். கல்கத்தா வெள்ளையர் கொதித்தெழுந்தார்கள்; வைசிராயை அவமதித்தார்கள். கடைசியில் குற்றஞ்சாட்டப்பட்ட ஐரோப்பியர் கேட்டால் பாதிப்பேரேனும் வெள்ளையராயுள்ள ஜூரி வேண்டும் என்ற நிபந்தனையோடு 1884-இல் சட்டம் நிறைவேறியது. ரிப்பன் பணிந்துவிட்டார் என்று குறை கூறுவோர் உண்டு. அக்குறையில் உண்மையும் உண்டு.

1884 டிசம்பரில் அவர் விடைபெற்றபோது, கல்கத்தாவிலும் பம்பாயிலும் வழியெல்லாம் இந்தியர்கள் கூட்டங்கூட்டமாக நின்று வழியனுப்பினார்கள். வைசிராய் ஒருவருக்கு அப்படிப்பட்ட கூட்டம் அதற்கு முன் கூடியதில்லை. தமிழர்கள் தம் பங்குக்கு, ரிப்பன் என்ற பெயருக்கு அப்பன் என்று எதுகை சேர்த்து அவரை உறவாக்கிக்கொண்டார்கள்.

அவர் விதைத்தது முழுவதும் முளைத்ததா? இல்லை என்றே சொல்லவேண்டும். வாக்குரிமை வரி கட்டும் சிலருக்கே இருந்தது. பெண்களுக்கு இல்லவே இல்லை. பல ஊர்களில் சேர்மன் பதவியில் அதிகாரிகளே நெடுநாள் நீடித்தார்கள். பணமும் போதிய அளவு வரவில்லை. குடும்பப் பொறுப்பை மருமகளிடம் கொடுத்துவிட்டுப் பெட்டிச் சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்ட மாமியாரைப் போல நடந்துகொண்டது சர்க்கார். 1901-இல் திண்டுக்கல்லின் மக்கள்தொகை 25,000-ஐத் தாண்டிவிட்டது; அத்தனை பேருக்கும் தண்ணீரும் சாக்கடையும் கொடுக்க நகரசபையின் வரி எந்த மூலைக்கு? தவறுகள் நேர்ந்தபோதெல்லாம் ரிப்பனின் தீர்மானத்தைப் பழித்தார்கள். தீர்மானத்தில் இருந்த பணக் கணக்கை நிறைவேற்றினோமா என்று கேட்டவர் குறைவு.

அவருடைய கேள்வி பழங்கதையாகிவிடவும் இல்லை. 1992-இல் அரசியல் சட்டத்தின் 73, 74-ஆம் திருத்தங்கள் வந்து, உள்ளாட்சித் தேர்தல் ஐந்தாண்டுக்கொருமுறை நடந்தே தீரவேண்டும் என்றும், இடங்களில் மூன்றில் ஒன்று பெண்களுக்கு என்றும் விதித்தன. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்ந்தது. திண்டுக்கல் 2014-இல் மாநகராட்சியாயிற்று. ஆனால் 2016 அக்டோபரிலிருந்து 2022 வரை தமிழ்நாட்டு நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட சபை எதுவும் இல்லை. அதிகாரிகளே தனி அலுவலர்களாயிருந்து நடத்தினார்கள். 1866-இல் இருந்த ஏற்பாடு ஏறக்குறையத் திரும்பி வந்தது போல! குப்பை வண்டி வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வராத நாளில் எந்தக் கதவைத் தட்டுவது என்றுதான் தெருவாருக்குத் தெரியவில்லை. 2022-இல் தேர்தல் நடந்து 48 வார்டுகளுக்கும் உறுப்பினர் வந்தனர். ஒரு பெண்மணி மேயரானார். ரிப்பன் காலத்தில் வாக்குச்சீட்டே தரப்படாத பெண்குலத்திலிருந்து!

இங்கிலாந்து திரும்பிய ரிப்பன் கடற்படை மந்திரி, குடியேற்ற நாடுகளின் மந்திரி என்று மீண்டும் பதவிகள் வகித்தார். இவற்றைவிட நமக்கு இனிப்பது வேறொன்று. 1895-இல் மந்திரி சபை கவிழ்ந்தபின், அறுபத்தெட்டு வயதில், தம் சொந்த ஊரான ரிப்பன் நகரசபைக்கு மேயராகி ஓராண்டு பணியாற்றினார். இருபத்தைந்து கோடி மக்களை ஆண்டவர், சில ஆயிரம் பேர் வாழும் சிற்றூரின் சாக்கடையையும் விளக்குக் கம்பத்தையும் பற்றிய கூட்டங்களுக்குத் தலைமை தாங்கினார். அந்த ஊரில் ஒரு பழைய வழக்கம் உண்டு. இரவு ஒன்பது மணிக்குக் காவலர் சந்தைச் சதுக்கத்தில் கொம்பு ஊதுவார். பின் மேயர் முன் சென்று ஊதி, காவல் தொடங்கிவிட்டது என்று அறிவிப்பார். அந்த ஓராண்டு அந்தக் கொம்பு நம் பழைய வைசிராய்க்காக ஊதிற்று.

1909 ஜூலை 9-ஆம் நாள் ஸ்டட்லி ராயல் என்ற தம் இல்லத்தில் அவர் காலமானார். அதே ஆண்டு டிசம்பரில், 1688-இல் தோன்றிய சென்னை நகராண்மைக் கழகத்துக்கு வைசிராய் மின்டோ பிரபு புதிய கட்டடத்தின் அடிக்கல்லை நாட்டினார். 1913 நவம்பரில் அது திறக்கப்பட்டது. கட்டச் சொன்னவர், கட்டியவர், திறந்தவர் எவருடைய பெயரையும் வைக்காமல், ரிப்பன் மாளிகை என்று அதற்குப் பெயரிட்டார்கள்.